பொறுமையாய் நெய்த மூன்று முழம்

நைனாவுக்கு,

இன்று காலையில் காற்று திசை மாறி அடித்தது. அரிசி மில்லில் நெல் ஊறப்போடும் தொட்டியின் புளித்த நாற்றம் தெரு முழுக்க வந்து, நம் வீட்டுக் கூடத்தில் புகுந்து, தறியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்த ஓடினாள். சாத்த வேண்டாம் என்று கையைக் காட்டினேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் கண்ணை மூடி அந்த நாற்றத்தை நான்கு எண்ணும் வரைக்கும் உள்ளே இழுத்தேன். நான்கு எண்ணும் வரைக்கும் வெளியே விட்டேன். காற்றோட்டமான இடத்தில் நின்று மூச்சு விடுங்கள் என்று உன்னைப் பார்த்த டாக்டரம்மா சொன்னபோது அவர் மனதில் எந்த ஊர் இருந்ததோ தெரியாது. உனக்கும் எனக்கும் கிடைத்தது அரிசி மில்லின் பின்பக்கம்தான்.

நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. உன்னிடம் நான் நேரில் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பக்கம் வராது. அதனால் இந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் எழுதலாம் என்று இருக்கிறேன்.

முதலில் அந்த ஆடு. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ விழுந்து கிடந்ததால் உனக்குப் பாதிதான் தெரியும். அன்றைக்கு விடிந்ததும் தெருவில் பாவு நீட்டியிருந்தோம். இந்த முனையில் நீ, அந்த முனையில் எதிர் வீட்டு மணி மாமா. நடுவில் மூங்கில் கழிகளின் மேல் மூன்று புடவைக்கான பட்டு இழை மொத்தமும் கஞ்சியில் நனைந்து வெயிலுக்குக் காத்திருந்தது. பாவு நீட்டியிருக்கும்போது நம் தெருவில் சைக்கிளில் வருபவர்கள்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். ஆட்டுக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. கஞ்சி வாசனைக்கு வந்து, ஒரு வாய் நக்கிப் பார்த்தது.

"எவன் ஊட்டு ஆடுடா இது! புடிங்கடா! பட்டு திங்குதுடா!" என்று நீ போட்ட சத்தத்தில் ஆடு ஓடிவிட்டது. நீதான் நின்ற இடத்திலேயே சாய்ந்து பாவின் மேல் விழுந்தாய். தெருவே ஓடி வந்தது. உனக்குத் தெரியாத பாதி இதுதான்: எல்லோரும் முதலில் பாவைத்தான் பார்த்தார்கள். "பதினோரு இழதான் போச்சி, முடிஞ்சிக்கலாம்" என்று மணி மாமா சொன்ன பிறகுதான் உன்னைத் திருப்பிப் போட்டார்கள். நீ கண்ணைத் திறந்ததும், "எத்தினி இழ?" என்று கேட்டாய். அதனால் அவர்கள் மேல் உனக்கு வருத்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். இன்னொரு முறை அடித்துப் பார்த்தார். ரத்தக் கொதிப்பு என்றார். மாத்திரை, உப்பு குறைவு, காலையில் அரைமணி நேரம் மெதுவான நடை, நான்கு எண்ணி மூச்சு இழுத்து நான்கு எண்ணி விடுவது, கோபப்படாமல் இருப்பது. இரண்டு மாதத்தில் இறங்கவில்லை என்றால் தறிக்குழியில் நீ கால் வைக்கவே கூடாது.

"தறியில எறங்காம பின்ன இன்னாத்த பண்றதுங்க?"

"சும்மா இருங்க."

"சும்மாவா?" என்று நீ கேட்ட கேள்விக்கே மீட்டரில் முள் ஏறியது.

அப்போதுதான் டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "இது யாரு, பொண்ணா? தறியில கூடவே உக்கார்றியா? அப்ப நீதான் சரி. அப்பாவுக்குக் கோபம் வர்ற மாதிரி தெரிஞ்சா உடனே 'மூச்சு'ன்னு சொல்லணும். சொல்லுவியா?"

தலையாட்டினேன்.

"வாயைத் திறந்து சொல்லு."

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. எனக்குப் பதில் நீ சொன்னாய்: "அது பேசாதுங்க. பள்ளிக்கூடத்துல பேர கூப்ட்டா 'உள்ளேன்'னு சொல்றதுக்கே பயந்துகினு எட்டாவதுல நின்னுடுச்சி."

அது முழு உண்மை இல்லை, நைனா. இரட்டைக் கரைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். புடவையின் உடம்பை நீ நெய்யும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையை இழைகளுக்கு நடுவே தள்ள வேண்டும். அம்மாவுக்கு இடுப்பு வலி வந்ததால் என்னை நிறுத்தினீர்கள். ஆனால் நின்றபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இனிமேல் யாரும் என்னை எழுந்து நின்று படிக்கச் சொல்ல மாட்டார்கள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் நீ குனிந்தே உட்கார்ந்திருந்தாய். உன் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். இடது, வலது, இடது, வலது என்று ரிக்‌ஷாப் பலகையில் தறியில் மிதிப்பதுபோல மிதி போட்டுக்கொண்டே வந்தன. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னாய், "தறி இல்லன்னா நான் யாரு பாப்பா?"

நான் ரிக்‌ஷாக்காரருக்குச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். 

நடையில் ஆரம்பித்தோம். நம் ஊரில் யாரும் சும்மா நடப்பதில்லை என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியாது. நடந்தால் பால் வாங்கப் போக வேண்டும், பஸ் பிடிக்கப் போக வேண்டும், சாயம் ஏற்றிய நூல் எடுத்துவரப் போக வேண்டும். முதல் நாள் மணி மாமா, "எங்கப்பா கெளம்பிட்ட?" என்றார். "சும்மா" என்றாய். அவர் பயந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு நம் பின்னாலேயே வந்துவிட்டார், எங்கேயோ சாவு, நீ மறைக்கிறாய் என்று. அதனால் இரண்டாம் நாளிலிருந்து சீப்பு மாதிரி நீளமான தறி அச்சு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாய். யார் கேட்டாலும், "அச்சு ரிப்பேரு." பத்தாம் நாள் மணி மாமா பொறுக்காமல் கேட்டார்: "எத்தினி நாளைக்குப்பா ஒரே அச்ச ரிப்பேர் பண்ணுவ? அந்தாளு இன்னா தூங்கிகினே செய்றானா?"

தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஒரே இடம் மில்லின் பின்பக்கம். அங்கே போய் அச்சைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றோம். நான் விரலை மடக்கி எண்ண, நீ இழுக்க வேண்டும். இரண்டாவது விரலிலேயே இருமினாய். "ஆழமா இழுக்கணும்னு சொன்னாங்களே, இத்தையா?" என்றாய். மேலே புகைக்கூண்டிலிருந்து உமிக்கரி வேறு தூவிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மா நம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, "ரெண்டு பேரும் ரயிலு ஓட்டப் போயிருந்தீங்களா?" என்றாள்.

ஆனாலும் நீ மறுநாளும் வந்தாய். களத்தில் அவித்த நெல்லைப் பரப்பி, பெண்கள் வரிசையாகக் காலால் கிண்டிக்கொண்டு போவார்கள். அவசரமே இல்லாமல் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். நடந்த இடமெல்லாம் கோடு கோடாய் நிற்கும். நீ வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "பாரு பாப்பா, காலாலயே பாவு நீட்றாங்க" என்றாய். அப்போது நீ மூச்சை எண்ணவில்லை. நான் எண்ணினேன். நான்குக்கு நான்கு சரியாக இருந்தது.

தறியில்தான் கஷ்டம். ஊடை நூல் அறுந்தால் உனக்குக் கோபம். அறாவிட்டால், ஏன் இன்னும் அறவில்லை என்று சந்தேகம். உன் கழுத்து நரம்பு புடைக்கும்போது 'மூச்சு' என்று நான் சொல்ல வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். என் நாடாவைத் தள்ளாமல் பிடித்துக்கொண்டேன். கரை நாடா வராமல் நீ அடுத்த இழை போட முடியாது. தறி நின்றுவிடும்.

"இன்னா, தூங்கிட்டியா?"

நான் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏய், தள்ளு! ஜல்தி!"

"மூச்சு, நைனா" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"இன்னாது?"

"மூச்சு."

"மூச்சா? அது வந்துகினுதான் கீது! வரலன்னாதான் பேஜாரு!"

சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். சிரித்ததில் நரம்பு அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் நாடாவைப் பிடித்ததுமே நீ மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு நான்கு எண்ணுவாய். கொஞ்ச நாளில் நிறுத்துவதும் தேவைப்படவில்லை. மிதிக்கும்போது மூச்சை இழுத்தாய். இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடிக்கும்போது மூச்சை விட்டாய். கூடத்தில் சத்தமே குறைந்துபோனது. அம்மா அடுப்படியிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்தாள், வேலை நடக்கிறதா என்று. எனக்கு ஒரே பெருமை. டாக்டரம்மாவிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட மனதுக்குள் பேசிப் பார்த்து வைத்திருந்தேன்.

புடவை முடிந்தது. பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்கும் முதலாளியின் வீட்டுக்கு எடுத்துப் போனோம். அவர் வெள்ளைத் துணி விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, புடவையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். நீ உட்கார்ந்திருந்தாய். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"இது பேஷ். இதுவும் பேஷ்." கை நின்றது. கண்ணைத் திறந்தார். "இது இன்னாப்பா?"

ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். புடவை வழியாக எதிர்ச் சுவரில் இருந்த காலண்டர் தெரிந்தது. கிழமைகூடத் தெரிந்தது.

"இந்த மூணு மொழத்த எவன் நெய்ஞ்சான்?"

"நான்தாங்க மொதலாளி."

"நீயா? பொடவையா கொசுவலையா இது?"

"பொறுமையா நெய்ஞ்சேங்க."

"பொறுமையாவா! உன்ன எவன்யா பொறுமையா நெய்யச் சொன்னான்? பொறுமைய உன் ஊட்டம்மா கிட்ட காட்டு. என் பொடவையில ஏன் காட்ற?"

அவர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். அந்த மூன்று முழத்துக்கு நடுவில் ஒரு சாண் மட்டும் கெட்டியாக, அழகாக இருந்தது. "பாரு, இங்க மட்டும் மனுசன் நெய்ஞ்ச மாதிரி கீது. அன்னிக்கி இன்னா நடந்தது?"

 கதவுக்குப் பின்னால் இருந்த எனக்குத் தெரியும். அது பால் திரிந்துபோன நாள். அம்மாவோடு நீ போட்ட சண்டையில் நான் பயந்துபோய் 'மூச்சு' சொல்லத் தவறிவிட்டேன். நான் வேலையை ஒழுங்காகச் செய்யாத இடம்தான் புடவையில் ஒழுங்காக இருந்தது.

முதலாளி புடவையை மடித்து ஓரமாக வைத்தார். அது சேத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியது. "தறியில இன்னும் ரெண்டு பொடவைக்கு பாவு கீது இல்ல? பத்து நாள்ல நானே வந்து பாப்பேன். அதுவும் இப்பிடி இருந்திச்சின்னா பாவ அறுத்து எட்த்துகினு போயிட்டே இருப்பேன்."

மறுநாள் காலை நடையில் நீ அச்சைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பாதி வழியில் நின்று, "கோவம்தான் பாப்பா நம்ம பொடவைக்குக் கஞ்சி. அது இல்லன்னா நிக்காது" என்றாய். அதோடு மூச்சுக் கணக்கை நிறுத்திவிட்டாய். கோபப்பட்டால் உடம்பு போய்விடும், கோபப்படாவிட்டால் தறி போய்விடும் என்றால், நீ எதைக் காப்பாற்றுவாய் என்று எனக்குக் கேட்காமலே தெரியும்.

ஆனால் ஒரு சங்கடம். ஒரு மாதம் பழகியதில் உனக்குக் கோபம் லேசில் வரவில்லை. தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. தறியில் உட்கார்ந்ததும் கண்ணை மூடி யோசிப்பாய். "அந்த ஆட்ட நெனச்சிக்கிறேன்" என்று ஒரு முழம் அடித்தாய். ஆடு தீர்ந்ததும் அம்மாவின் தம்பியை நினைத்துக்கொண்டாய். அது நன்றாக வேலை செய்தது. முழத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "உங்க மாமனுக்கு எத்தினி கெட்டி பாரு" என்றாய். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"எங்க தம்பி இன்னா பண்ணான் உன்ன?"

"ஒண்ணும் பண்ல. நீ போ. நல்லா வந்துகினு கீது."

"அவன் ஊட்டு விருந்துல மூணு தடவ சோறு வாங்கி துன்ன இல்ல? அப்ப கெட்டியா தெரியலயா?"

"பேசு, பேசு. இன்னும் ரெண்டு பேச்சு பேசு, ஒரு சாண் ஏறும்."

நான் தலையைக் குனிந்து சிரித்தேன். நாலாம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது. நீ தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். குளிருகிறது என்றாய். அது சித்திரை மாதம். பின்னந்தலையை நீ சுவரில் அழுத்துவதை நான் பார்த்தேன். நாடாவைப் பிடித்து நிறுத்தினேன். நீ கை நீட்டி என் கையிலிருந்த நாடாவைப் பிடுங்கி நீயே தள்ளினாய்.

மறுநாள் அம்மாவோடு ஆற்றுக்குப் போனேன். கமண்டல நாகநதியில் அந்த வருடம் கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. துணி வெளுக்கிறவர்கள் வரிசையாகக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார்கள். துணி தலைக்கு மேல் போகும். இறங்கும்போது 'உஸ்' என்று வாயால் மூச்சு விடுவார்கள். அடி இடி மாதிரி விழும். அதில் ஒருவர், இரண்டு உஸ்ஸுக்கு நடுவில் பக்கத்து ஆளிடம் ஏதோ தமாஷ் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தையே பார்த்தேன். துளிக்கூடக் கோபம் இல்லை. கல்தான் பாவம்.

துணியை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடி வந்தேன். நீ குழியில் இருந்தாய். மூச்சு வாங்க நின்றுகொண்டு சொன்னேன், "நைனா, நீ மூச்ச உடறப்ப கையயும் சேத்து உட்டுட்ற. அதான் தொளதொளன்னு போவுது. மூச்சு மட்டும் வெளிய போவணும். கை போவக் கூடாது. ஆத்தாண்ட வந்து பாரு."

நீ பலகையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாய். நான் சொன்னது புரிந்ததா, அல்லது நான் இவ்வளவு பேசியதே அதிர்ச்சியா என்று தெரியவில்லை. "அம்மாவுக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டாய்.

மறுநாள் விடியற்காலையில் ஆற்றுக்கு நடந்தோம். மணி மாமா வாசலில் நின்று, "இன்னிக்கு எங்க?" என்றார். "துணி தோய்க்கிறத பாக்க" என்று நீ உண்மையைச் சொன்னாய். அதன் பிறகு ஒரு மாதம் அவர் உன்னை எதுவுமே கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும் வந்து தனியாக ஏதோ விசாரித்துவிட்டுப் போனார்.

நீ கரையில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாய். வெறும் கையை ஓங்கி, 'உஸ்' என்று இறக்கிப் பார்த்தாய். அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் தறியில் ஆரம்பித்தாய். மிதி. இழு. நாடா. உஸ், அடி. மிதி. இழு. நாடா. உஸ், அடி. பத்துப் பன்னிரண்டு இழைக்குத் தடுமாறினாய். பிறகு உடம்பே பிடித்துக்கொண்டது. தோள் தளர்ந்து இருந்தது. பலகை மட்டும் கெட்டியாக வந்து விழுந்தது. எனக்கும் தானாக அதே மூச்சு வந்தது. இருவரும் உஸ், உஸ் என்று ஒரு முழத்தைத் தாண்டியிருப்போம். வாசலில் தடதடவென்று சத்தம். மணி மாமா உலக்கையோடு உள்ளே நுழைந்தார்.

"அசையாதப்பா! குழியில பாம்பு சீறுது! கால தூக்காத!"

"பாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல, நான்தான்யா!" என்றாய். உனக்குக் கோபம் வந்தது. வந்ததும், பழகியபடி 'உஸ்' என்று விட்டாய்.

"மறுபடியும் சீறுது!" என்று மாமா உலக்கையை ஓங்கினார். நான் குறுக்கே விழாவிட்டால் உனக்கு டாக்டரம்மாவே தேவைப்பட்டிருக்க மாட்டார்.

முதலாளி சொன்னபடி பத்தாம் நாள் வந்தார். கையில் கத்தரிக்கோல் இருந்தது. மணி மாமா வாசல் நிலையில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார். முதலாளி துணியைத் தொடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்: "இன்னாப்பா, இன்னிக்கு பொறுமையா, கோவமா? வயசாயிடுச்சின்னா சொல்லிடணும். கல்யாணப் பொடவைய வெச்சிகினு ஏன் வெளயாடற?"

உன் கழுத்தில் நரம்பு எழுந்தது. நீ குழியிலிருந்து பாதி எழுந்துவிட்டாய். நாடாவைப் பிடித்து நிறுத்த முடியாது, தறி ஓடவில்லை. கூடத்தில் ஆண்கள் மூன்று பேர். நான் தரையைப் பார்த்தேன். தரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மூச்சு!" என்றேன்.

எவ்வளவு சத்தமாக என்று உனக்கே தெரியும். ஓட்டில் இருந்த புறா பறந்துபோனது. நீ அப்படியே உட்கார்ந்து மூச்சை இழுத்தாய். வாசலில் மணி மாமா இழுத்தார். முதலாளியும் இழுத்துவிட்டார். இழுத்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல், நெஞ்சை நிமிர்த்தியபடி என்னைப் பார்த்தார்.

"உடுங்க" என்றேன்.

விட்டார்.

அதற்குப் பிறகு யாருக்கும் சண்டையை எங்கே விட்டோம் என்று நினைவில்லை. முதலாளி குனிந்து உள்ளங்கையைத் துணியில் வைத்தார். மெதுவாகத் தடவினார். ஒரு ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். காலண்டரும் தெரியவில்லை, ஜன்னலும் தெரியவில்லை. மறுபடி தடவினார். ஆட்டு முழத்திலும் மாமன் முழத்திலும் அங்கங்கே கெட்டி தட்டிக் கை நின்றது. அதற்குப் பிறகு நெய்ததில் எங்கேயும் நிற்கவில்லை.

"இத்த எந்தக் கோவத்துல நெய்ஞ்ச?"

"கோவமே இல்லீங்க."

அவர் நம்பவில்லை. கத்தரிக்கோலை மடியில் செருகிக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் முடிந்து டாக்டரம்மா பட்டையைச் சுற்றினார். பரவாயில்லை என்றார். குழியில் இறங்கலாம், மத்தியானத்துக்கு மேல் மட்டும் வேண்டாம். பிறகு என்னைப் பார்த்து, "சொன்னியா?" என்றார். "சொன்னேங்க" என்றேன். அவருக்குக் கேட்டது.

அதிலிருந்து நமக்கு ஒன்றரை வருடம் கிடைத்தது. அந்த நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் நடக்கவில்லை. காலையில் நடந்தோம். நெய்தோம். மத்தியானத்துக்கு மேல் நீ குழியை விட்டு எழுந்து, தறிக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு தறியைப் பார்த்துக்கொண்டிருப்பாய். "இழ அறுந்தா அந்த இழைய மட்டும் பாரு பாப்பா. மொத்தப் பாவையும் பாக்காத, மண்ட காஞ்சிடும்" என்பாய். அரைமணி கழித்து அம்மா காபியில் சர்க்கரை குறைத்துவிட்டாள் என்று கத்துவாய். நீ சாமியாராகிவிட்டாய் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கார்த்திகை மழையில் உனக்கு மார்ச்சளி பிடித்தது. கொதிப்பு இல்லை, கோபம் இல்லை. வெறும் சளி. ஆஸ்பத்திரியில் எட்டு நாள். கடைசியாக நீ கண் திறந்திருந்த சாயங்காலம், உன் மூச்சு மேலே மேலே ஓடியது. அதைப் பார்த்து என் மூச்சும் ஓடியது. நீ என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டாய். அழுத்தினாய், விட்டாய். அழுத்தினாய், விட்டாய். அம்மா, "தண்ணி கேக்கறார்" என்றாள். தண்ணீர் இல்லை. நீ எனக்கு மிதி போட்டுக் கொடுத்தாய். நான் அதற்குத் தகுந்தபடி இழுத்தேன், விட்டேன். என் மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகுதான் உன் பிடி தளர்ந்தது.

வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது மணி மாமா வந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ சாந்தமா படுத்துகினு கீறானே, அவன்தானா இது?" என்று கேட்டு உடைந்து அழுதார். அழுதுகொண்டிருந்த அம்மா அதற்கு ஒரு வினாடி சிரித்துவிட்டாள். பிறகு இன்னும் அதிகமாக அழுதாள்.

இனி முந்தாநாள் நடந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலாளி வந்தார். நீ பாதியில் விட்ட பாவு தறியில் அப்படியே இருக்கிறது, ஒன்றரைப் புடவைக்கு மேல். துக்கம் விசாரித்தார். தண்ணீர் குடித்தார். பிறகு மடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, தன்மையாகத்தான் சொன்னார்: "பொம்பளைங்க ரெண்டு பேரு என்னம்மா பண்ணுவீங்க. அறுத்து எட்த்துகினு போயி வேற ஊட்ல பிணைச்சிக்கிறேன்." அம்மா தலையை ஆட்டினாள். அவர் தறிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

எனக்குள் எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது, நைனா. நான்கு எண்ணவில்லை. ஒன்றுகூட எண்ணவில்லை.

"கைய எடுங்க!"

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"எங்க நைனா பிணைச்ச பாவு இது! எவன் வந்து அறுக்கறது? நான் நெய்வேன், எங்கம்மா கர போடும்! நல்லா இல்லன்னா அன்னிக்கி வந்து அறுங்க! இன்னிக்கி ஒரு இழ மேல கத்தரி பட்டுச்சின்னா பாருங்க, ஆமா!"

மணி மாமா உலக்கை இல்லாமலேயே ஓடி வந்தார். அம்மா இடுப்பு வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டாள். "இன்னாடி இது, உனக்குமா?" என்றாள். முதலாளி கத்தரிக்கோலை மடக்கி மடியில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார். "அப்பிடியே உங்க நைனா. அதே தொண்ட" என்றார். ஒரு மாதத்தில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நேற்றுக் காலை குழியில் இறங்கினேன். மிதி எட்டவில்லை, அடியில் ஒரு மணைப்பலகை போட்டிருக்கிறேன். அரை முழம் ஆகியிருக்கிறது. அம்மா கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே ஊர்க் கதையெல்லாம் பேசுகிறாள்.

கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. இன்றைக்கும் சரியாகவில்லை. பேசினால் கரகரவென்று, கீழ்க்கட்டையில், எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றுகிற குரலாக வருகிறது. அம்மா மிளகுக் கஷாயம் போட்டு டம்ளரை இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். குடித்தால் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடுமாம். ஆறிக்கொண்டிருக்கிறது. இன்னும் குடிக்கவில்லை.